தானாகவா உடைந்தது?

பி.எஸ்ஸி., விலங்கியல், இரண்டாம் ஆண்டு

தமிழில் பித்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருவன் தாறுமாறாகப் பேசினால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்கிறோம். காதலில் விழுந்தவனைப் பித்துப் பிடித்தவன் என்கிறோம். தில்லைக் கூத்தனுக்கே பித்தன் என்றொரு பெயர் உண்டு. காலையில் வாய் கசந்தால் பித்தம். தலை சுற்றினால் பித்தம். இளமையில் முடி வெளுத்தால் அது பித்த நரை. இத்தனை பித்தம் பேசுகிற நம்மிடம், "அந்தப் பித்தம் தங்கும் பை உன் உடம்பில் எங்கே இருக்கிறது? கையை வைத்துக் காட்டு" என்று கேட்டால் எத்தனை பேர் சரியான இடத்தில் கை வைப்போம்? விடுதியில் நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் தொப்புளைக் காட்டினார்கள். ஒருவர் தலையைக் காட்டினார். அவர் தமிழ் இலக்கியம் பயில்பவர், மன்னித்துவிடலாம்.

ஆனால் நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியும். நாட்டுக் கோழியைச் சுத்தம் செய்யும்போது, ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பச்சைப் பையை அவர்கள் எடுக்கின்ற பக்குவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையை விரட்டிவிடுவார்கள். ஈரலில் ஒரு துண்டு போனாலும் போகட்டும் என்று பையோடு சேர்த்தே அறுத்து எறிவார்கள். அது உடைந்து ஒரு துளி பட்டாலும் கறி கசந்துவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கசப்புப் போகாது.

அதே பை, அதே பச்சை நீர், மனித வயிற்றுக்குள் உடைந்தால் என்ன ஆகும்? அதுவும் எழுபதைக் கடந்த ஒரு பாட்டியின் வயிற்றில், ஒரு தாத்தாவின் வயிற்றில் உடைந்தால்? கவிதைகளும் பயணக் கட்டுரைகளும் நிறைந்த நம் ஆண்டு மலரில் இப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வருகிறானே என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கிறார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்காக இரண்டு மூன்று பக்கம் ஒதுக்குவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அந்தப் பையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடிப்புறத்தில், சிறிய பேரிக்காய் வடிவில் தொங்குவது பித்தப்பை. நீளம் ஏறக்குறைய 7 முதல் 10 செண்டிமீட்டர்; கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர், அதாவது ஒரு சின்னக் குவளைத் தேநீருக்கும் குறைவு. கல்லீரலோ நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. இவ்வளவையும் இந்தச் சின்னப் பை எப்படித் தாங்கும்? பித்தநீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, குழம்பைச் சுண்டவைப்பதுபோல் சுண்டவைத்துச் சேமித்துக்கொள்கிறது. நாம் கொழுப்புள்ள உணவை உண்டவுடன் பை சுருங்கிப் பித்தநீரைச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இது இல்லாமல் வாழவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. புறாவுக்குக் கிடையாது. எலிக்குக் கிடையாது; ஆனால் சுண்டெலிக்கு உண்டு! இயற்கையின் இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் கேட்டு நான் எங்கள் பேராசிரியரைத் தொல்லைப்படுத்தியது தனிக் கதை. பித்தப்பையை அறுத்து எடுத்துவிட்ட மனிதர்களும் நன்றாகவே உண்டு உறங்கி வாழ்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அடிபடாமல், கத்தி படாமல் பித்தப்பை உடைந்துபோவதை மருத்துவ நூல்கள் 'தானாக உடைதல்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கின்றன. வெளிக்காயம் எதுவும் காரணம் இல்லை என்பதே அச்சொல்லின் கருத்து. மருத்துவருக்கு அதில் குழப்பம் இல்லை. அந்தச் சொல் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, பேருந்து ஏறி, நம் தெருவுக்குள் நுழையும்போதுதான் பொருள் மாறிவிடுகிறது. 'தானாக' என்றால் நம் காதில் என்ன விழுகிறது? யாராலும் தடுத்திருக்க முடியாது, விதி, போகிற நேரம் வந்தது, போய்விட்டார். இந்தப் பொருள் தவறு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

எப்படி உடைகிறது என்று பார்த்தால் இது விளங்கும். பெரும்பாலோருக்குத் தொடக்கம் ஒரு கல். பித்தநீரிலுள்ள கொழுப்போ நிறமியோ படிந்து இறுகிக் கல்லாகிறது. வட இந்தியாவைக் காட்டிலும் நம் தென்னாட்டில் நிறமிக் கற்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பர். கல் இருப்பதே தெரியாமல் காலமெல்லாம் வாழ்ந்து மறைபவர்களும் பலர். ஆனால் ஒரு நாள் அந்தக் கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது வெளியேற வழியில்லை. பையின் சுவர் மேலும் நீரைச் சுரக்கிறது. பை உப்புகிறது. உப்பிய சுவரின் அழுத்தத்தால் முதலில் இரத்தம் திரும்பிச் செல்லும் சிறு நாளங்கள் நெரிபடுகின்றன. பிறகு இரத்தம் வந்து சேரும் தமனியும் திணறுகிறது. கிருமிகள் பெருகுகின்றன. பிராணவாயு கிடைக்காத சுவர் கறுத்து அழுகுகிறது. தமனியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பையின் அடிமுனை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போலத்தான். வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல். அந்த அடிமுனையில்தான் பெரும்பாலும் ஓட்டை விழுகிறது.

இவை எல்லாம் ஒரு நொடியில் நடப்பவை அல்ல. இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. சிலருக்கு வாரங்களும் ஆகின்றன. இத்தனை நாளும் அந்த உடம்பு ஏதேனும் ஒரு வகையில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். கல்லே இல்லாமலும் பை உடைவது உண்டு. டைபாய்டு காய்ச்சலில் உடைந்திருக்கிறது. கடும் நோயில் நெடுநாள் உணவின்றிக் கிடப்பவர்களுக்கு உடைந்திருக்கிறது. மிக அரிதாகக் காரணம் எதுவும் புலப்படாமலும் உடைந்திருக்கிறது. ஆனால் விதிவிலக்கைக் காட்டி விதியை மறந்துவிடலாகாது. கடுமையான பித்தப்பை அழற்சி கண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு இந்த உடைப்பு நேர்கிறது என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அவர்களில் முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இரத்தக் குழாய் தடித்தவர்களுமே மிகுதி.

1934ஆம் ஆண்டில் நீமையர் என்னும் மருத்துவர் இந்த உடைப்பை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் அந்தப் பிரிவினையைத்தான் சிற்சில மாற்றங்களோடு பயன்படுத்துகிறார்கள். ஆட்டை அறுத்துத் தோலுரிக்கும்போது குடல்மீது வலைபோல் ஒரு கொழுப்புத் திரை போர்த்தியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மனிதனுக்கும் அது உண்டு. வயிற்றில் எங்கே அழற்சி கண்டாலும் அந்தத் திரை அங்கே போய் ஒட்டிக்கொண்டு கேட்டை அடைக்கப் பார்க்கும். 'வயிற்றின் காவலர்' என்று அறுவை மருத்துவர்கள் அதற்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். காவலர் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் உடைந்த இடத்தைச் சுற்றிச் சீழ்க்கட்டி ஒன்று உருவாகி நின்றுவிடும். இது ஒரு வகை. நாட்பட நாட்படப் பை குடலோடு ஒட்டி, இரண்டுக்கும் இடையே வழி திறந்துகொள்வது இன்னொரு வகை. அந்த வழியாகக் கல் குடலுக்குள் இறங்கி, சிறுகுடலின் கடைசியில் போய் அடைத்துக்கொண்ட வினோதங்களும் முதிய பெண்களிடம் காணப்பட்டிருக்கின்றன. காவலர் வந்து சேராமல், பித்தநீரும் சீழும் வயிற்றறை முழுவதும் கொட்டிவிடுவது மூன்றாவது. உயிரைப் பறிப்பதில் இதுவே முதலிடம் வகிப்பது.

இனி முதுமைக்கு வருவோம். நம்மைப் போன்ற இருபது வயதினருக்கு இந்த நோய் வந்தால் ஊரைக் கூட்டிவிடுவோம். காய்ச்சல் கொதிக்கும், வயிறு பலகைபோல் இறுகும், தொட்டால் அலறுவோம். வலப்பக்க விலாவுக்குக் கீழே கை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னால் வலியால் மூச்சு பாதியில் நின்றுவிடும். சிகாகோ நகரத்து மருத்துவர் மர்ஃபி கண்டு சொன்ன அடையாளம் இது. முதியவர் உடம்பிலோ இந்த அடையாளங்கள் எல்லாம் மங்கிவிடுகின்றன. காய்ச்சல் வராமலே இருக்கக்கூடும். இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடாமலே இருக்கக்கூடும். வயிற்றுத் தசை மெலிந்துபோனதால் அது இறுகுவதும் இல்லை. பல ஆண்டுச் சர்க்கரை நோய் நரம்புகளை மழுங்கடித்திருக்கும். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைகள் மிச்சமுள்ள வலியையும் மூடிவிடும். உள்ளே வீடு எரிந்துகொண்டிருக்க, வெளியே புகைகூட வராத நிலை இது. சிலருக்கு முதல் அறிகுறியே வயிற்றில் இல்லை. பேச்சு குழறும், பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வார்கள், இரவெல்லாம் புலம்புவார்கள். 'வயசாகிப் போச்சு, புத்தி பிசகுது' என்று வீடு அதையும் ஒதுக்கிவிடும்.

வலி இடம் மாறுவதும் உண்டு. கல்லீரலுக்கு மேலே இருக்கிற உதரவிதானத்துக்கும் தோள்பட்டைக்கும் நரம்புவழித் தொடர்பு இருப்பதால், பித்தப்பையில் பிறந்த வலி வலத் தோளில் வந்து நிற்கும். நாம் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. உப்பிப் புடைத்த பை உடைந்தவுடன் அதன் இறுக்கம் தளர்கிறது. இறுக்கம் தளர்ந்தால் வலியும் சட்டென்று தணிவதுண்டு. மூன்று நாளாகத் துடித்தவர் நிம்மதியாகக் கண்ணயர்வார். கொட்டிய பித்தநீர் வயிற்றறையில் பரவி, அந்த அறையைப் போர்த்தியுள்ள மெல்லிய உறை அழன்று, கிருமிகள் இரத்தத்தில் ஏறும்வரை சில மணி நேரம் இந்தப் பொய்யான அமைதி நீடிக்கும். பிறகு வருவது வேறு: குளிர்ந்த கை கால், வேர்வை, வேகமான நாடி, மயக்கம். பொய்யான அந்த அமைதியில்தான் வீட்டார் சுவாமிக்குச் சூடம் ஏற்றுகிறார்கள்.

ஏட்டில் படித்ததை மட்டும் நான் எழுதவில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் அப்பத்தா என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். வயது 74. நூறு நாள் வேலைக்கு முதல் ஆளாக மண்வெட்டியோடு நிற்பவர். சென்ற ஆண்டு ஒரு கிடா வெட்டுக்குப் போய்வந்த இரவில் வயிறு வலிக்கிறது என்றார். மறுநாள் ஓமத் தண்ணீர். அதற்கு மறுநாள் சோடா. பிறகு வயிற்றில் விளக்கெண்ணெய். வலத் தோள் பிடித்துக்கொண்டது என்று தைலம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மகன் கேட்டபோது, "வாய்வுதான்டா, ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போகும். நீ வேலையக் கெடுத்துக்காத" என்றாராம். நான்காம் நாள் விடியற்காலையில் வலி நின்றுவிட்டது. "இப்ப தேவல, கஞ்சி குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். தெருவே மகிழ்ந்தது. மகன் வேலைக்குப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது அப்பத்தாவுக்கு உடம்பு சில்லிட்டிருந்தது. மகனை, எப்போதோ இறந்துபோன தம் அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்தார். 108 வண்டி வந்தது. அன்றிரவே மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தார்கள். பையின் அடிமுனையில் ஓட்டை. வயிறு முழுதும் பித்தமும் சீழும். ஆறாம் நாள் இறந்துவிட்டார்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்று அரசு ஆவணங்களில் எங்களைப் போன்றோருக்கு ஒரு பெயர் உண்டு. பட்டம் இன்னும் வாங்கவில்லை என்றாலும் தெருவுக்கு வரும் ஆங்கிலத் தாள்களெல்லாம் இப்போதே எங்கள் கைக்கு வந்துவிடும். வங்கிக் கடிதம், காப்பீட்டுத் தாள், ஸ்கேன் அறிக்கை எதுவானாலும், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" என்பார்கள். அப்பத்தாவின் மருத்துவமனைத் தாளும் அப்படித்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என்னிடம் வந்தது. அதில் அந்த ஆங்கிலச் சொல் இருந்தது. அதற்கு முன்பே மகன் அதன் தமிழை மருத்துவமனையில் கேட்டு வந்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், "பித்தப்பை தானா உடைஞ்சு போச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அனைவரும் தலையசைத்தார்கள். அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக இருந்தது. துக்க வீட்டில் அவரிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அதே சொல் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போகிறதே, அங்கே இன்னும் உயிரோடு இருக்கிற தாத்தாக்கள் என்ன ஆவது?

இது படிக்காதவர் நோய், பட்டிக்காட்டார் அறியாமை என்று யாரும் மேலான இடத்தில் அமர்ந்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவின் புகழ்மிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலுக்குப் பித்தப்பைக் கல் இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும். பணத்துக்குக் குறைவில்லை, நியூயார்க்கில் மருத்துவமனைக்கும் குறைவில்லை. மருத்துவமனை என்றாலே அவருக்கு அச்சம். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, 1987 பிப்ரவரியில் வேறு வழியின்றி அறுவைக்கு உடன்பட்டபோது அவரது பித்தப்பை அழுகிப் பிய்ந்துவரும் நிலையில் இருந்தது. அறுவை நடந்த மறுநாள், பிப்ரவரி 22 அன்று, 58 வயதில் உயிர் நீத்தார். அச்சமும் தள்ளிப்போடுதலும் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல. அப்பத்தா அஞ்சியது கத்திக்கு அன்று. மகனின் ஒரு நாள் கூலி போய்விடுமே என்பதற்கு.

மருத்துவம் கைவிரித்த நோயாக இருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பெர்லின் நகரில் லாங்கன்புக் என்பவர் முதன்முதலாக ஒரு நோயாளியின் பித்தப்பையை வெற்றியோடு அகற்றியது 1882ஆம் ஆண்டு ஜூலை 15. ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் வயிற்றைப் பிளக்காமல் சிறு துளை வழியே அதைச் செய்து காட்டியது 1985 செப்டம்பரில். இன்று மாவட்டத் தலைநகரங்களில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அரிய பொருள் அன்று. கல்லும், தடித்த சுவரும், சுற்றிலும் தேங்கிய நீரும் அதில் தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் ஓட்டையையே காட்டிவிடும். பெரிய அறுவையைத் தாங்க முடியாத மெலிந்த உடம்பானால் தோல் வழியே ஒரு குழாய் செலுத்தி உள்ளே தேங்கியதை வடித்துவிட்டு, தேறிய பிறகு பையை எடுக்கிறார்கள். 2008 செப்டம்பர் முதல் 108 வண்டி ஓடுகிறது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. வலி தொடங்கிய முதல் இரண்டு நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தால், உடையுமுன்னே முடிகிற காரியம் இது. உடைந்து ஒரு நாள் கழித்துச் சேர்த்தால், அதே மருத்துவர், அதே கத்தி, அதே படுக்கை; முடிவு வேறு.

அப்படியானால் தடை எங்கே? நான் குற்றம் சாட்டுவது முதலில் ஒரு சொல்லை: வாயு. நம் ஊரில் மார்பு முதல் தொடை வரை எங்கே வலித்தாலும் வாயு. மாரடைப்பு வந்து சாய்ந்தவரும் வாயு என்று சொல்லிக்கொண்டே சாய்ந்திருக்கிறார். ஓமத்தையும் சுக்கையும் நான் பழிக்கவில்லை. அவை பல தலைமுறையாக நம் வயிற்றைக் காத்தவை. ஓமத் தண்ணீர் குடித்து அரை நாளில் அடங்கினால் அது வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அடங்காத வலிக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று கடத்துகிறோமே, அங்கேதான் பெயர் ஆளைக் கொல்கிறது.

அடுத்த தடை முதியவர்களின் வாய்மூடல். பொறுத்துக்கொள்வதே பெருமை என்று வளர்ந்த தலைமுறை அது. மருமகளிடம் சொன்னால் என்ன நினைப்பாளோ, மகனுக்குச் செலவு வைப்பானேன், நமக்கென்ன இன்னும் வாழ வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். கடைசியில் சொன்ன எண்ணம்தான் எனக்குப் பெருங்கோபத்தை மூட்டுகிறது. நம் சமுதாயமே அதை அவர்கள் காதில் ஓதிக்கொண்டிருக்கிறதல்லவா? ஐந்து வயதுக் குழந்தை இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் விடியுமட்டும் காத்திருப்போமா? எழுபத்தைந்து வயதுக்காரர் அழாமல் சுருண்டு படுத்தால் விடியட்டும் என்கிறோம். அரசு மருத்துவமனையில் வைத்தியத்துக்குக் காசில்லை என்பது உண்மையே. உடன் இருப்பவரின் கூலி, ஆட்டோ, தேநீர், வந்து பார்க்கும் உறவினரின் பேருந்துச் செலவு இவற்றுக்குக் காசு வேண்டுமே. வறுமை பேசாமல் இந்த நோயைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: முதல் நாளில் சேர்த்தால் சில நாட்களில் வீடு திரும்பக்கூடியவரை, முற்றவிட்டுச் சேர்த்துப் பல நாள் காவல் இருப்பதில் எந்தக் கூலி மிஞ்சுகிறது?

"வயிற்றுவலிக்காரர் எல்லாரும் மாவட்ட மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டால் அங்கே உள்ளவர்கள் என்ன செய்வார்கள்?" என்று, நான் எழுதியதைப் படித்துப் பார்த்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லா வலியும் பித்தப்பை அன்று. குடற்புண் ஓட்டையாகியிருக்கலாம், குடல்வால் அழற்சியாக இருக்கலாம், கணைய அழற்சியாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் முடிவு செய்யச் சொல்வது என் நோக்கமன்று. எதுவானாலும் முதியவருக்கு அது காத்திருக்கக்கூடாத ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதே நான் சொல்ல வருவது. அறுபதைத் தாண்டியவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாத வயிற்றுவலி, அதனுடன் வாந்தியோ சோற்றில் வெறுப்போ, கண்ணில் மஞ்சளோ, உளறலோ எது சேர்ந்தாலும் புறப்பட்டுவிட வேண்டும். கடும் வலி மருந்தின்றிச் சட்டென்று நின்று, ஆள் மட்டும் சோர்ந்துகொண்டே போனால் அப்போது ஓடவே வேண்டும். முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். எங்கே அனுப்புவது என்பதை அங்குள்ள மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

எனக்கு ஓர் ஆசையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெரு முதியவர்கள் மகனிடம் சொல்லாததைக்கூட அந்தத் திட்டத்துப் பெண்களிடம் சொல்கிறார்கள். "சோறு தின்ற பிறகு விலாவுக்குக் கீழே வலிக்கிறதா? எத்தனை நாளாக?" என்று அவர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எத்தனை கற்கள் முன்கூட்டியே அகப்படும்! இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். புதிய ஊசி வேண்டாம். சர்க்கரை நோயுள்ள முதியவர்களிடமாவது கேட்கலாம் அல்லவா? அதிகாரிகள் யாரேனும் நம் மலரைப் படிப்பார்களா என்பது ஐயமே. படிக்கிற பேராசிரியர்களில் சிலருக்கு அதிகாரிகளைத் தெரியும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் வழக்கம்போல் கோவில் வளாகம் கூட்டி, பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மரக்கன்று நடப் போகிறோம். ஒரு மாலையை மட்டும் முகாம் ஊரின் முதியவர்களுக்கு ஒதுக்கித் தர அலுவலர் இசைந்திருக்கிறார். பாடம் நடத்தப் போவதில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மனித உடல் பொம்மை இருக்கிறது. கல்லீரலைக் கையால் தூக்கினால் அடியில் பச்சைப் பை தெரியும். அதைக் காட்டினால் போதும். கோழி அரிந்த கைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பொம்மையை எடுத்துச் செல்ல அனுமதி கேட்டுத் துறைத்தலைவரிடம் போனோம். சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "கொண்டு போங்க, ஆனா பஸ்ல வைக்கும்போது பார்த்து வைங்க. அந்தப் பித்தப்பை ஏற்கெனவே ஒரு தடவை கழன்று விழுந்து, நான்தான் ஒட்டி வைத்திருக்கிறேன்" என்றார்.